வாங்கிய தட்டுக்கு நகல் எடுக்கலாமா?

10 கோடி டாலர் கேட்டுக் கோர்ட்டுக்குப் போன கம்பெனியின் கதை

பணம் கொடுத்து ஒரு சாப்ட்வேர் வாங்குகிறீர்கள். பளபளக்கும் தட்டு ஒன்றில் அதைப் பதிவு செய்து, அட்டைப் பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, தட்டை அலமாரியில் வைத்துவிடுகிறீர்கள்.

சில வருடம் கழித்துக் கம்ப்யூட்டர் பழுதாகிறது. சாப்ட்வேரை மறுபடியும் ஏற்ற வேண்டும். தட்டை எடுத்துப் பார்த்தால், குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்!

கொடுத்த பணம் போனது போனதுதானா? முன்பே ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் தப்பித்திருக்கலாமே! ஆனால், "அனுமதியின்றி நகல் எடுப்பது குற்றம்" என்று பெட்டியின் மேலேயே எச்சரித்திருக்கிறார்களே! காசு கொடுத்து வாங்கியவனும் திருடன்தானா?

இன்று சாப்ட்வேர் பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகவே வந்துவிடுகிறது. ஆனாலும், பழைய தட்டுகளை நம்பியே வேலை நடத்தும் அச்சகங்களும், ஸ்டூடியோக்களும், சிறு ஆபீசுகளும் இன்னும் இருக்கின்றன. அவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

தட்டின் ஆயுள்

ஒரு சி.டி. தட்டின் குறுக்களவு 12 சென்டிமீட்டர். கனம் 1.2 மில்லிமீட்டர். பெரும்பகுதி வெறும் பிளாஸ்டிக். ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய படலம், படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்குச் சற்று அடியிலேயே இருக்கிறது.

அதனால்தான், கண்ணாடிபோல் மின்னும் அடிப்பக்கக் கீறலைவிட, படம் போட்ட மேல்பக்கத்தில் விழும் கீறல் அதிக ஆபத்தானது. அடிப்பக்கத்துக் கீறலைப் பல சமயம் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். மேலே படலம் உரிந்தால் உரிந்ததுதான்!

அதற்கு முந்திய பிளாப்பி தட்டுகள் இன்னும் நோஞ்சான். அவற்றின் மேல் பூசியிருந்தது காந்தப் பூச்சு. பக்கத்தில் ஒரு காந்தம் வந்தாலே எழுத்து அழிந்துவிடலாம். நகல் பற்றிய சண்டை தொடங்கியதும் இந்தப் பிளாப்பி காலத்தில்தான். சண்டை நடந்த இடம் அமெரிக்கா.

சட்டம் கொடுத்த சலுகை

கம்ப்யூட்டர் போன்ற புதிய சாதனங்கள் வந்த பிறகு பதிப்புரிமைச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய, 1974-ல் அமெரிக்காவில் ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. 1978-ல் அது அறிக்கை கொடுத்தது. அதை ஒட்டி 1980-ல் அந்நாட்டுப் பார்லிமெண்டு சட்டத்தின் 117-வது பிரிவைத் திருத்தி எழுதியது.

சாப்ட்வேர் பிரதிக்குச் சொந்தக்காரர், பாதுகாப்புக்காக நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மூலப் பிரதியின் மேல் அவருக்கு இருந்த உரிமை போய்விட்டால், அந்த நகலை அழித்துவிட வேண்டும். இதுதான் அந்தப் பிரிவின் சாரம்.

பூட்டும் கள்ளச் சாவியும்

சட்டம் இடம் கொடுத்தாலும் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த வால்ட் என்ற கம்பெனி, "புரோலாக்" என்ற பூட்டுப் போட்ட தட்டுகளைத் தயாரித்தது. ஒவ்வொரு தட்டின் மேலும் அழிக்க முடியாத ஒரு சிறிய அடையாளம் வைத்தார்கள். அதற்குப் பெயர் "கைரேகை"!

தட்டில் உள்ளதை நீங்கள் நகல் எடுக்கலாம். ஆனால், கைரேகை உள்ள அசல் தட்டைச் சொருகினால்தான் கம்ப்யூட்டர் வேலை செய்யும். நகல் மட்டும் இருந்தால் சண்டித்தனம் செய்யும்.

கனடாவில் இருந்த குவைட் என்ற கம்பெனி இதற்கு மாற்று கண்டுபிடித்தது. அது விற்ற சாப்ட்வேர், கைரேகை இருப்பதுபோலவே கம்ப்யூட்டரை நம்பவைத்தது. அசல் தட்டு இல்லாமலே நகல் ஓடியது!

வால்ட் கம்பெனி கொதித்தெழுந்தது. லூசியானா மாநிலத்தில் உள்ள கோர்ட்டில் வழக்குப் போட்டது. கேட்ட நஷ்டஈடு 10 கோடி டாலர்!

காந்தம் மட்டுமா எதிரி?

"காப்பு நகல் எதற்கு? மின்சாரக் கோளாறிலோ இயந்திரக் கோளாறிலோ எழுத்து அழிந்துவிட்டால், நகலில் இருந்து அசல் தட்டுக்கே திரும்ப எழுதிக்கொள்ளலாம். அதற்கு எங்கள் பூட்டு குறுக்கே நிற்கவில்லையே!" என்பது வால்ட் கம்பெனியின் வாதம்.

வாதம் கெட்டிதான். ஆனால், அசல் தட்டே உடைந்தால்? திருட்டுப் போனால்? எழுதுவதற்குத் தட்டு ஏது?

அப்பீல் கோர்ட்டு 1988 ஜூன் மாதம் தீர்ப்பு வழங்கியது. இயந்திரக் கோளாறுக்கு மட்டும்தான் காப்பு நகல் என்று சட்டம் வரம்பு கட்டவில்லை. மனிதர்களின் கைத்தவறு, தொலைந்துபோதல், திருட்டு ஆகியவற்றில் இருந்தும் தட்டின் சொந்தக்காரர் தம்மைப் பாதுகாத்துக்கொள்ளலாம் என்று நீதிபதிகள் கூறினார்கள். இப்படி நியாயமான காரியத்துக்கும் பயன்படும் சாப்ட்வேரை விற்றதற்காக, கனடா கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது என்றும் முடிவு செய்தார்கள்.

கதை இதோடு முடியவில்லை. 1998-ல் அமெரிக்கா இன்னொரு சட்டம் கொண்டு வந்தது. பூட்டை உடைக்கும் கருவிகளை விற்பதற்கே அது தடை விதித்தது. காப்பு நகல் எடுக்கும் உரிமை ஏட்டில் அப்படியே இருக்கிறது. ஆனால், அந்தப் பழைய தீர்ப்பை நம்பிச் சாவி விற்க இன்று யாரும் துணிய முடியாது.

நம் நாட்டில் எப்படி?

அமெரிக்கக் கதை இருக்கட்டும். நம் சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தை 1994-ல் திருத்தியபோது, 52-வது பிரிவில் இதற்கு வழி செய்தார்கள். சாப்ட்வேரைச் சட்டப்படி கைவசம் வைத்திருப்பவர், தம்மிடம் உள்ள பிரதியில் இருந்து நகல் எடுக்கலாம். தொலைந்துபோதல், அழிதல், சேதமாதல் ஆகியவற்றுக்கு எதிரான தாற்காலிகப் பாதுகாப்பாக மட்டுமே அது இருக்க வேண்டும். எந்த உபயோகத்துக்காகச் சாப்ட்வேரைக் கொடுத்தார்களோ, அதற்கே நகலையும் பயன்படுத்த வேண்டும்.

ஆகவே, கீறல் விழுந்த தட்டுக்குப் பதிலாக, நீங்கள் எடுத்து வைத்த நகலைக் கொண்டு அதே கம்ப்யூட்டரில் சாப்ட்வேரை மறுபடி ஏற்றுவது குற்றம் இல்லை. பயப்பட வேண்டாம்.

எல்லையைத் தாண்டினால்?

"தம்மிடம் உள்ள பிரதியில் இருந்து" என்ற சொற்களை இன்னொரு முறை படியுங்கள். விஷயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பக்கத்துக் கடைக்காரரின் தட்டில் இருந்து எடுத்தது காப்பு நகல் ஆகாது. தட்டு உடைந்துவிட்டதே என்று இன்டர்நெட்டில் யாரோ பூட்டை உடைத்துப் போட்டிருப்பதை இறக்கிக்கொள்வதும் அப்படியே. ஒரு கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டு, நகலைக் கொண்டு ஐந்து கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது பாதுகாப்பு அல்ல, திருட்டு.

கள்ளப் பிரதி என்று தெரிந்தே உபயோகித்தால், 1994-ல் சேர்த்த 63-பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 வருடம் வரை ஜெயில். 50 ஆயிரம் ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்காகச் செய்யவில்லை என்றால், தக்க காரணம் இருக்கும்பட்சத்தில், அபராதத்தோடு விட்டுவிடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையும் 2012-ல் வந்த திருத்தம் குற்றமாக்கியது.

விற்கலாமா?

இதற்கு ஐரோப்பாவில் விடை கிடைத்தது. லாட்வியா நாட்டில் இருவர் மைக்ரோசாப்ட் சாப்ட்வேர்களை அசல் அல்லாத தட்டுகளில் விற்றதாக வழக்கு. ஐரோப்பிய யூனியன் கோர்ட்டு 2016 அக்டோபர் 12-ந் தேதி தீர்ப்புச் சொன்னது. அசல் தட்டை லைசென்சோடு விற்கலாம். ஆனால், அசல் சேதமானாலும் தொலைந்தாலும், உரிமையாளரின் அனுமதி இல்லாமல் காப்பு நகலை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது!

காப்பு நகல் என்பது வீட்டுச் சாவியின் மறுசாவி மாதிரி. வீட்டை விற்றுவிட்டு, மறுசாவியை மட்டும் மடியில் முடிந்து வைத்திருக்கலாமா?

செய்ய வேண்டியது

தட்டு நன்றாக இருக்கும்போதே நகல் எடுங்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயன் இல்லை. நகலை அன்றாட வேலைக்கு வைத்துக்கொண்டு, அசலைப் பூட்டி வையுங்கள். நாமே பதிவு செய்யும் தட்டுகளில் சாயப்பூச்சு இருப்பதால், அவற்றை வெயில் படாமல் பாதுகாக்க வேண்டும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ரகசிய எண், தட்டை நகல் எடுக்கும்போது கூடவே வராது. அதைத் தனியாக எழுதி வையுங்கள். வாங்கிய ரசீதையும் லைசென்ஸ் காகிதத்தையும் எறியாதீர்கள். நீங்கள் சட்டப்படி வாங்கியவர் என்பதற்கு அவைதான் சாட்சி!