கிரகண இரவில் கர்ப்பிணியைப் பட்டினி போடாதீர்கள்

2026 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை. சீனர்களுக்குச் சாப் கோ மே, மலாய்க்காரர்களுக்கு நோன்பு மாதம், நமக்கு மாசிப் பௌர்ணமி. அன்று மாலை ஏழே காலை ஒட்டி ஜொகூர் மெர்சிங்கின் கிழக்குக் கடலில் நிலா எழுந்தபோதே அது முழுவதுமாகப் பூமியின் நிழலுக்குள் இருந்தது. முழு மறைப்பு 7.04க்குத் தொடங்கி, 7.33க்கு உச்சத்தைத் தொட்டு, 8.03க்கு முடிந்தது. நிழல் கடைசியாக விலகியபோது மணி 9.17.

இது வானத்தின் கணக்கு. வீட்டுக்குள் ஓடும் கணக்கு வேறு. நிழல் நிலாவைத் தொடுவதற்கு ஒன்பது மணி நேரம் முன்பே தீட்டுக்காலம் தொடங்கிவிடும் என்பது பஞ்சாங்க வழக்கம். அன்று நிழல் தொட்டது மாலை 5.50க்கு. அதற்கு ஒன்பது மணி நேரம் முன்பு என்றால் காலை 8.50. அப்போது அடுப்பை அணைத்து, இரவு 9.17 வரை வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது என்று ஒரு கர்ப்பிணியிடம் சொன்னால், அவள் பன்னிரண்டரை மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். மெர்சிங் வெயிலில், ஜன்னலை அடைத்துத் திரை போட்ட அறைக்குள்.

சந்திர கிரகணத்தால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஆபத்து இந்தப் பன்னிரண்டரை மணி நேரத்தில்தான் இருக்கிறது.

கர்ப்ப காலத்தில் இனிப்புநீர் வந்த பெண்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாட்டோடு இடையிடையே சிறு உணவும் தேவை. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், தலை சுற்றும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் கிரகணம் விடட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழையுங்கள். வயதானவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். இனிப்புநீர் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடுவதும், விரதத்துக்காக மருந்தையே நிறுத்துவதும் ஒன்றுக்கொன்று குறைந்த தவறல்ல. விரதம் இருந்தே தீர வேண்டும் என்ற மனம் இருந்தால், மருந்தை எப்படி மாற்றிக்கொள்வது என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்துக்காக முஸ்லிம் நோயாளிகள் ஆண்டுதோறும் கேட்பதுதான் இது. யாரும் உங்களை விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள்.

குழந்தை அசைவதையும் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகள் கையில் வைத்திருக்கும் பிங்க் புத்தகத்தில் அசைவைக் குறிக்கும் பக்கம் ஒன்று உண்டு. பகல் முழுக்க எண்ணியும் பத்து அசைவு சேரவில்லை என்றால் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். வானத்தில் கிரகணம் நடந்தாலும் போக வேண்டும். "இன்னும் ஒரு மணி நேரம் பொறு, மோட்சம் ஆகட்டும்" என்று யார் சொன்னாலும் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு கட்டுப்பாடும் எதற்கு என்று கேட்டால், குழந்தை மூளியாகப் பிறந்துவிடும் என்பதே பதில். காய் நறுக்கினால் உதடு பிளக்கும், வயிற்றைச் சொறிந்தால் தழும்பு விழும், ஊசி நூல் தொட்டால் காதில் ஓட்டை. உதடு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கருவின் மேலுதடு நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில் உருவாகிவிடுகிறது. அண்ணம் ஆறிலிருந்து ஒன்பதாம் வாரத்துக்குள் கூடிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்று உறுதியாகத் தெரிவதற்கு முன்பே அந்த வேலை பாதி முடிந்திருக்கும். அப்படியிருக்க, ஏழு மாதக் கர்ப்பிணியை அறைக்குள் அடைத்து எந்த உதட்டைக் காப்பாற்றுகிறோம்?

பிளவு உதட்டுக்கு மரபணு ஒரு காரணம். தாய் புகைப்பது, கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் இனிப்புநீர், வலிப்புக்கான சில மருந்துகள் ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பெரும்பாலும் குழந்தையின் முதல் வயதுக்குள்ளேயே அறுவை சிகிச்சையால் சரிசெய்துவிடலாம். ஆனால், "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தியா?" என்று அந்தத் தாயிடம் கேட்ட கேள்வியைச் சரிசெய்ய எந்தச் சிகிச்சையும் இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தான் எந்தக் கதவைத் திறந்தோம், எந்தக் கத்தியைத் தொட்டோம் என்று அவள் வாழ்நாளெல்லாம் தேடிக்கொண்டிருப்பாள். இந்த வழக்கத்தின் மிகப் பெரிய கொடுமை இதுதான் என்பேன். பட்டினி ஒரு நாளோடு போய்விடும், பழி போகாது.

பெரியவர்களின் நம்பிக்கையை உதறித் தள்ளச் சொல்லவில்லை. சாஸ்திரமே குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வரி மட்டும் வாட்ஸ்அப்பில் வருவதில்லை. கிரகணத்தன்று பெரும்பாலான கோயில்கள் நடை சாத்தினாலும் காளத்தியில் (ஸ்ரீகாளஹஸ்தி) கோயில் திறந்தே இருக்கிறது. ஒரே மரபுக்குள் இத்தனை வழிகள் இருக்கும்போது, கர்ப்பிணியின் உடம்பை வதைக்கும் வழியை மட்டும் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்?

கிரகணம் நிழல்தான் என்பதும் நமக்கு வெளியிலிருந்து வந்த செய்தியல்ல. சந்திரன் பூமியின் நிழலில் புகுவதே சந்திர கிரகணம் என்று கி.பி. 499ஆம் ஆண்டையொட்டி ஆரியபட்டர் எழுதிவிட்டார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் 1825இல் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைச் சொல்லிச் சொல்லி, அந்த ஆண்டுச் சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணித்துக் காட்டினார். ஆங்கிலேயப் படையில் பணியாற்றிய ஜான் வாரன் என்பவர் அதைத் தம் 'கால சங்கலித' நூலில் பதிந்துவைத்தார். கிரகணத் தொடக்கத்தில் பிழை நான்கே நிமிடம். கையில் பேனாகூட இல்லாமல் நிழலின் நடையை அளந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

இனி உரிமையைப் பார்ப்போம். தானாக விரும்பி விரதம் இருப்பது ஒருவரின் மத உரிமை. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு அதைக் காக்கிறது. அதே காரணத்தால், வேண்டாம் என்று சொல்வதும் அவரவர் உரிமை. பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் இருக்கும் பெண்ணின் சிகிச்சைக்கு அவள் சம்மதமே சட்டப்படி போதும். கிரகணம் முடியட்டும், பிறகு அறுவை சிகிச்சை செய்யுங்கள் என்று கணவரோ மாமியாரோ அவளுக்காக மறுக்க முடியாது. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைப்பதையும், அவருக்கு மறுக்க உரிமையுள்ள ஒன்றை மிரட்டிச் செய்யவைப்பதையும் குடும்ப வன்முறை என்றே சொல்கிறது. பெரும்பாலான வீடுகளில் இது பாசத்தால் நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். "அத்தை, டாக்டர் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லியிருக்காங்க" என்று மருமகளும், "சரிம்மா, நீ சாப்பிடு, உனக்கும் சேர்த்து நான் விரதம் இருக்கேன்" என்று அத்தையும் பேசிக்கொண்டால் அங்கே சட்டத்துக்கு வேலையே இல்லை. பேச்சு எடுபடாமல் கதவைப் பூட்டும் வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்திலிருந்து 15999 என்ற தாலியான் காசே (Talian Kasih) உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

கிரகணம் நெருங்கினால் காசு பறிப்பவர்களும் வந்துவிடுகிறார்கள். இந்த நட்சத்திரக்காரர்களுக்குக் கண்டம், இவ்வளவு ரிங்கிட் அனுப்பினால் பரிகார பூஜை என்று முன்பின் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தால் பதில் போடாதீர்கள். பணம் அனுப்பியபின் ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த நிமிடமே மோசடிப் புகார் எண்ணான 997க்கும் உங்கள் வங்கிக்கும் அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்குக்குக் கணக்கு தாவிவிடும். ரசீதையும் உரையாடலையும் படமெடுத்து வைத்துக்கொண்டு போலீஸ் புகார் கொடுங்கள். கிரகணம் பார்க்க இணையத்தில் வாங்கிய தொலைநோக்கி விளம்பரத்தில் சொன்னபடி இல்லையென்றால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டி மூன்றாண்டுக்குள் வழக்குப் போடலாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை.

சந்திர கிரகணம் பார்க்கத் தனிக் கண்ணாடி என்று யாராவது விற்றால் அதையும் வாங்காதீர்கள். சூரிய கிரகணத்துக்குத்தான் வடிகண்ணாடி வேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று தஞ்சோங் பியாயில் நெருப்பு வளையம் தெரிந்தபோது வாங்கிய கண்ணாடி சில வீடுகளில் இன்னும் கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டு நிலாவைப் பார்த்தால் இருட்டுதான் தெரியும். நிலாவை வெறும் கண்ணால், பைனாகுலரால், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லுங்கள். நிலாவைப் பார்த்த தைரியத்தில் அவர்கள் சூரியனைப் பார்த்துவிடக் கூடாது.

நேரத்தைத் தமிழ்நாட்டுச் செய்தியிலிருந்து எடுக்காதீர்கள். இந்திய நேரத்தோடு இரண்டரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். கூட்டினாலும் காட்சி ஒன்றாக இருக்காது. மார்ச் 3 அன்று சென்னையில் முழு மறைப்பு முடிந்த பிறகே நிலா எழுந்தது; மெர்சிங்கில் எட்டு மணி வரை முழுச் சிவப்புக்கு இடமிருந்தது. ஆனால் கடலோரம் போய் நின்றவர்களுக்கும் தொடக்கத்தில் அது எளிதில் கண்ணில் பட்டிருக்காது. அந்தி வெளிச்சம் அடங்காத வானத்தில், அடிவானத்தை ஒட்டி, தன் ஒளியை இழந்த நிலா கரைந்துபோகும். இருட்டு கூடக் கூடத்தான் செம்பு நிறம் தெரியத் தொடங்கும். பூமியைச் சுற்றியுள்ள காற்று வளையம் சூரிய ஒளியின் சிவப்பை மட்டும் வளைத்து நிழலுக்குள் அனுப்புவதால் வரும் நிறம் அது. காற்றில் தூசு மிகுந்தால் நிறம் கறுக்கும். பினாத்துபோ எரிமலை 1991இல் வெடித்தபின், 1992 டிசம்பரில் வந்த கிரகணத்தில் நிலா ஏறக்குறைய காணாமலே போனது.

மெர்சிங்கில் அடுத்து முழுச் சந்திர கிரகணம் தெரிவது 2028 டிசம்பர் 31 இரவு. நிழல் தொடுவது 11.07க்கு. முழு மறைப்பு புத்தாண்டு பிறந்து பதினாறாம் நிமிடம், அதாவது 12.16க்குத் தொடங்கி 1.28 வரை; நிழல் விலகுவது 2.36க்கு. இம்முறை கடற்கரைக்குப் போகத் தேவையே இல்லை. நடு இரவில் நிலா ஏறக்குறைய உச்சியில், சற்றே வடக்குச் சாய்ந்து நிற்கும். வீட்டு வாசலில் கார் நிறுத்தும் கூரையைத் தாண்டி நாலு அடி வெளியே வந்தால் போதும். கடற்கரைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. டிசம்பர் கடைசி வடகிழக்குப் பருவமழைக் காலம். தியோமான் தீவுக்குப் போகும் படகுகளே நின்றுபோகும் அளவுக்குக் கடல் சீறும். பௌர்ணமியென்பதால் நீர்மட்டமும் ஏறியிருக்கும். சிவப்புக் கொடி பறக்கும் கரையில் இருட்டில் பிள்ளைகளோடு நிற்பது உயிரோடு விளையாடுவது. மழை பெய்தால் மனம் சோர வேண்டாம். மொத்தம் மூன்றரை மணி நேரக் காட்சி. மேகம் விலகும் பத்து நிமிடம் கிடைத்தாலும் பார்த்துவிடலாம்.

அந்த இரவு மார்கழிப் பௌர்ணமி, திருவாதிரையை ஒட்டி வருகிறது. களி கிண்டலாமா, கூடாதா என்ற பேச்சு அப்போது நிச்சயம் எழும். கிண்டுங்கள். மிச்சத்தைக் கொட்டாமல் குளிர்பெட்டியில் வையுங்கள். சமைத்த உணவு கெடுவது வெக்கையால்தான், நிழலால் அல்ல. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவரை நேரத்துக்குச் சாப்பிடவைத்து, மருந்து கொடுத்து, வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். 999, 997, 15999 என்ற மூன்று எண்களையும் இன்றே எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.