குறுவீச்சு இயந்திரமும் சிக்கனப் பந்தயமும்

உருளையினுள் பிஸ்டன் ஒருமுறை கடக்கும் தூரமே வீச்சு எனப்படும். 1959இல் வெளிவந்த போர்ட் ஆங்கிலியா 105ஈ காரில் அது 48.41 மி.மீ.; முன்னைய 100ஈ காரிலோ 92.5 மி.மீ. நிமிடத்துக்கு 7000 சுழற்சியில் முன்னதன் பிஸ்டன் செக்கனுக்குச் சராசரி 11.3 மீற்றர் செல்லும். பின்னதன் பிஸ்டன் 21.6 மீற்றர் செல்லவேண்டும். எனவே வீச்சுக் குறுகினால், உலோகத்தை அதிகம் வருத்தாது சுழற்சியையும் வலுவையும் கூட்டலாம்.

1958இல் இத்தாலியில் தோன்றிய போர்மியூலா ஜூனியர் பந்தயம் உற்பத்திக் கார்களின் இயந்திரங்களையே ஏற்றது; எல்லை 1100 க.செ.மீ. 105ஈ இன் உருளை விட்டத்தை ஏறத்தாழ 81இலிருந்து 85 மி.மீ. ஆகக் குடைந்தவுடன், வீச்சு மாறாமலே 997 க.செ.மீ. ஏறக்குறைய 1098 ஆயிற்று.

ஆயின் மிகு சுழற்சி, வலிய வால்வுச் சுருள்விற்களையும் இணைப்புத் தண்டுகளையும் வேண்டிநிற்கும். குடைவதிற் சேமித்த பணம் அங்கே கரையும். ஆகவே சுழற்சியின் எல்லையை முதலிலேயே வரையறுத்துக்கொள்வதே வசதி குறைந்தோர்க்கு ஏற்ற நெறி எனக் கருதுகின்றோம்.