உறையாத தயிர்

"அக்கா, ரெண்டு நாளா தயிர் உறையவே இல்ல. சட்டியை நல்லா கழுவித்தான் வச்சேன்" என்று கிளிநொச்சியிலிருந்து தங்கை தொலைபேசியில் சொன்னாள். என் சித்தப்பாவின் மகள். 1983 கலவரத்தில் பதுளைத் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம். 2009இல் கணவரை இழந்தவளுக்கு மீள்குடியேற்றத்தின் பின் வாழ்வாதார உதவியாகப் பசு ஒன்று கிடைத்தது. அதன் கன்று வளர்ந்து இப்போது பால் தருகிறது. கடைசி மகளின் படிப்பு அந்தப் பால் காசில்தான்.

"மாட்டுக்கு ஊசி போட்டியா?" என்று கேட்டேன்.

போட்டிருந்தாள். மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்ததாம். பக்கத்து வீட்டில் மிஞ்சிய மருந்தை வாங்கி ஏற்றியிருக்கிறாள். வீக்கம் வற்றியதும் நிறுத்திவிட்டாள்.

அதே தவறை நானும் செய்தவள். ஹாலிஎலப் பக்கம் எங்கள் லயத்துக்குப் பின்னால் இரண்டு மாடுகள். பெரட்டுக்கு முன் பால் கறப்பு, மலையிலிருந்து இறங்கும்போது தலையில் புல்லுக்கட்டு. மடிநோய் வந்தால் அரை மருந்தோடு நிறுத்தி, மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வேன். சிக்கனம் என்ற நினைப்பு! மூன்றாம் தடவை அந்த மருந்து கேட்கவேயில்லை. ஒரு காம்பு வற்றியே போய்விட்டது. பிறகுதான் மிருக வைத்தியர் விளங்கப்படுத்தினார்.

அரை மருந்தில் பலவீனமான கிருமிகள் சாகும். தாக்குப்பிடித்தவை பெருகும். அந்தச் சக்தியை மற்றக் கிருமிகளுக்கும் கடத்திவிடும். மடிநோயைக் கொண்டுவரும் ஸ்டெபிலோகொக்கஸ் கிருமி மனிதரின் புண்ணிலும் சீழ் வைக்கும். மாட்டுக்குப் போடும் பெனிசிலின் வகை மருந்துகள் நமக்கும் வைத்தியசாலையில் தருபவைதான். உடம்பில் ஷெல் துண்டோடு வாழும் சகோதரிகளுக்கு, மருந்து கேட்காத புண் என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. 1928இல் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே, 1945இல் நோபல் பரிசு உரையில் குறைந்த அளவு மருந்தின் ஆபத்தை எச்சரித்தார். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

தயிர் விடயத்துக்கு வருகிறேன். பாலை உறைய வைப்பதும் பக்டீரியாதான், நல்ல வகை. பாலில் அன்டிபயோட்டிக் தங்கியிருந்தால் உறைமோரில் உள்ளவை வளராது. யோகட் செய்யும் தொழிற்சாலைக்கும் இதே தொல்லைதான். ஆனால் கொஞ்ச மருந்து இருந்தும் தயிர் உறைவதுண்டு, அதை நம்பிவிட முடியாது. காய்ச்சினால் சரியாகும் என்பார்கள். நன்றாகக் காய்ச்சினால் கிருமி சாகும், எதிர்ப்புள்ள கிருமியும்தான். அதனால் பச்சைப்பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். மருந்தின் மிச்சமோ காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. அந்தப் பாலைக் கன்றுக்கு ஊற்றுவதும் பிழை, அதன் குடலிலும் எதிர்ப்புக் கிருமி வளரும்.

எத்தனை நாள் பாலைக் கொட்ட வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மிருக வைத்தியரிடம் கேட்டு, மருந்து போட்ட திகதியை எழுதி வைக்க வேண்டும். நான் மாட்டுப்பட்டித் தூணில் கரியால் எழுதுவேன்.

"கொட்டுன பாலுக்கு யார் காசு குடுப்பா?" என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் மிருக வைத்தியரிடம் போனாள், மருந்தை முழுதாகப் போட்டாள்.

போன கிழமை மறுபடி எடுத்தாள். "தயிர் உறைஞ்சிருச்சு அக்கா. ஆனா டாக்டர் சொன்ன கணக்குக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே." கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, அந்தச் சட்டியையும் கொட்டிவிட்டதாகச் சொன்னாள்.