சரக்கு நல்லது, கடை ஏன் ஓடவில்லை?

வேறெங்கும் கிடைக்காத பொருள் நம்மிடம் இருந்தால், சரிந்த வியாபாரம் நிமிர்ந்துவிடுமா?

ஜப்பானின் நிண்டெண்டோ கம்பனி 2012இல் வீ யூ எனும் வீடியோ கேம் சாதனத்தை வெளியிட்டது. பழைய வீ சாதனத்தின் துணைக்கருவியோ எனப் பலர் குழம்பினர், விற்பனை தடுமாறியது. 2014இல் அதற்கென்றே வந்த மரியோ கார்ட் 8 விளையாட்டு 84 இலட்சம் விற்றது. சாதனம் வைத்திருந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் வாங்கினர். ஆயினும் சாதனம் சுமார் 1 கோடியே 35 இலட்சத்துடன் நின்றுவிட்டது.

2017இல் வந்த சுவிட்ச் சாதனத்தை வீட்டிலும் பயணத்திலும் பாவிக்கலாம் என்பது எவருக்கும் உடனே விளங்கியது. அதே விளையாட்டு, சற்று மெருகூட்டப்பட்டு, அதில் 6 கோடிக்கும் மேல் விற்பனையானது.

இதில் நமக்கும் படிப்பினை உண்டு. அபூர்வச் சரக்கு, வந்த வாடிக்கையாளரைத் தக்கவைக்கும். கடையே விளங்காதவரை உள்ளே அழைத்து வராது. ஏக விநியோக உரிமைக்குப் பணத்தைக் கொட்டுமுன் இதை யோசியுங்கள்.