தூக்க மாத்திரையும் நம் வீட்டுப் பெண்களும்

இறைவன் மனிதருக்கு அளித்த கொடைகளுள் உறக்கமும் ஒன்று. ஏழைக்கும் செல்வர்க்கும் பொதுவான அக்கொடை சிலருக்குக் கிட்டாமற் போகிறது. ராஜபாளையத்து நூற்பாலைகளில் இரவு ஷிப்டு பார்ப்போர் பகல் வெளிச்சத்தில் கண்ணயர முயல்கின்றனர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட வீட்டுப் பாட்டி நடுநிசியில் விழித்துக் கிடக்கிறார். இத்தகையோர் மருத்துவமனைக்குச் சென்று, "தூக்கமே இல்லை டாக்டர்" என்றால் மாத்திரை எழுதப்படுவதுண்டு.

அது யாருக்கு மிகுதியாக எழுதப்படுகிறது? பல நாடுகளில் வெளிநோயாளர் சீட்டுகளை ஆராய்ந்தோர் இரண்டு உண்மைகளைக் கண்டனர். ஆண்களைவிடப் பெண்களுக்கே அது அதிகம்; வயது ஏற ஏற இன்னும் அதிகம். பெண்களிடையே தூக்கமின்மை மிகுதி. அதை மருத்துவரிடம் சொல்வோரும் அவர்களே மிகுதி.

ஆனால் எவருக்கு மாத்திரை அதிகமோ, அவருக்கே அதன் தீங்கும் அதிகம்! 1963-இல் விற்பனைக்கு வந்த டயஸிபாம் முதியோர் உடலைவிட்டு மெல்லவே நீங்கும். இரவில் எழுந்தால் தலை சுற்றும், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும், மறதியும் சேரும். சோல்பிடெம் என்னும் மருந்து பெண்கள் உடலில் மெதுவாகவே குறைகிறது. எனவே 2013-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் செய்தது. அதற்குள் அம்மருந்து அங்கே இருபது ஆண்டுகள் விற்பனையாகியிருந்தது!

நம் நாட்டில் 2014 மார்ச் 1 முதல் அல்பிரஸோலம், டயஸிபாம், சோல்பிடெம் ஆகியவை 'எச்1' பட்டியலில் உள்ளன. மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது. கடைக்காரர் வாங்குபவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

ஆனால் வீட்டு அலமாரிக்குப் பதிவேடு ஏது? அத்தைக்கு எழுதியதை அம்மா விழுங்குவதும், பழைய சீட்டையே மீண்டும் நீட்டுவதும் ஆபத்து. நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்துவதும் தவறு, வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

அன்புத் தோழியரே! மாலைக்குப் பின் காப்பியைத் தவிர்த்தல், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், பகல் தூக்கத்தைக் குறைத்தல் ஆகியவை செலவில்லா மருந்துகள். மனச்சுமை தாங்காதோர் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தூக்கமில்லை என்று பாட்டி சொன்னால், மாத்திரையைத் தேடுமுன் அருகில் அமர்ந்து காரணத்தைக் கேளுங்கள். அவருக்குத் தேவை ஒருவேளை மாத்திரையன்று, பேச்சுத்துணையாக இருக்கலாம்.