காதங்கி ரேடார்: முடிவில்லாப் பணியில் பொறியாளர்கள்

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் வழியில் மலைகள் சூழ அமைந்துள்ள சிற்றூர் காதங்கி. வேலூர் மார்க்கமாகத் திருமலைக்குச் செல்லும் தமிழகப் பக்தர்கள் பலர் அறியாமலேயே கடந்து செல்லும் இவ்வூரில்தான் நாட்டின் முதலாவது எம்எஸ்டி ரேடார் நிறுவப்பட்டது. மீசோஸ்பியர், ஸ்ட்ரேட்டோஸ்பியர், டிரோபோஸ்பியர் என்னும் வளிமண்டல அடுக்குகளின் முதலெழுத்துகளே இப்பெயர்.

விமானங்களைத் தேடும் ரேடார் அல்ல இது. தெளிந்த வானில் காற்று எத்திசையில், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பதை அளப்பதே இதன் பணி. 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மேலே அனுப்பப்படும் அலைகளில் மிக நுண்ணிய பகுதியைக் காற்றின் கொந்தளிப்பு திருப்பி அனுப்புகிறது. அதன் அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு காற்றின் வேகம் கணிக்கப்படுகிறது. வானிலை பலூன்கள் வழக்கமாக நாளொன்றுக்கு இருமுறை தரும் விவரத்தை, இந்த ரேடார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தரவல்லது.

பெரு நாட்டின் ஜிகாமார்க்கா ரேடாரில் 1970-களில் நிரூபிக்கப்பட்ட இந்த உத்தியை இங்கு செயல்படுத்தும் பொறுப்பு 'சமீர்' நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1977-ல் தொடங்கிய நுண்ணலைப் பிரிவு, 1984-ல் இந்தத் தனி அமைப்பாக உருப்பெற்றது. சென்னையிலும் இதற்கு மையம் உண்டு.

சுமார் 130 மீட்டர் நீள, அகலமுள்ள களத்தில் 1,024 ஆன்டெனாக்கள் நடப்பட்டன. அவை அசைவதில்லை. ஒவ்வொன்றுக்கும் செல்லும் மின்னலையின் கட்டத்தை மாற்றியே கதிரின் திசை திருப்பப்படுகிறது. 32 டிரான்ஸ்மிட்டர்கள் இணைந்து 2.5 மெகாவாட் உச்சத் திறனை அளித்தன. 1992-ல் கீழ் அடுக்குகளிலும், 1993-ல் மீசோஸ்பியரிலும் அளவீடு தொடங்கியது. பி.பி. ராவ், ஏ.ஆர். ஜெயின், எஸ்.எச். டாம்லே உள்ளிட்டோர் இதன் அமைப்பை 1995-ல் 'ரேடியோ சயின்ஸ்' ஆய்விதழில் விவரித்தனர்.

கட்டி முடித்ததுடன் பொறியாளரின் பணி முடிந்துவிடவில்லை. வால்வுகளால் இயங்கிய அந்த டிரான்ஸ்மிட்டர்களுக்கு ஓயாத பராமரிப்பு தேவைப்பட்டது. ஒன்று பழுதானால் அதனுடன் இணைந்த 32 ஆன்டெனாக்களும் அலை அனுப்ப இயலாது. எனவே, ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் குறைகடத்தியாலான தனித்தனிக் கருவி பொருத்தி ரேடார் புதுப்பிக்கப்பட்டது. இப்போது ஓரிரு கருவிகள் பழுதானாலும் அளவீடு தடைபடாது. 2005-ல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் எனப் பெயர் பெற்ற இந்நிறுவனம், சிறிய காற்றளவு ரேடார்களையும் உருவாக்கியுள்ளது.

ஒரு ரேடாரின் ஆயுள், ஒரு பொறியாளரின் பணிக்காலத்துக்கு ஏறக்குறைய நிகரானது. வடிவமைத்தவர் ஓய்வு பெறும்போது கருவியும் முதுமை அடைகிறது. வரைபடத்தில் இல்லாத நுணுக்கங்களை அவரிடம் நேரில் கற்ற இளைஞர் அருகில் இல்லையெனில், அடுத்த தலைமுறை மீண்டும் தொடக்கத்திலிருந்தே கற்க நேரிடும்.

மின்னணுவியல் பயிலும் மாணவர்கள் பலர் மென்பொருள் துறையை நாடும் இக்காலத்தில், காதங்கி உணர்த்துவது இதையே. கருவியை விலை கொடுத்து வாங்கிவிடலாம். அதை முப்பது ஆண்டுகள் காத்து, பின்னர் புதிதாக்கும் திறனை உள்நாட்டில்தான் வளர்க்க வேண்டும்.