சில்லறை சொல்லித்தரும் கணக்கு

திருச்சி காந்தி மார்க்கெட்டில் 37 ரூபாய்க்குக் காய்கறி வாங்கி, 50 ரூபாய்த் தாளை நீட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பழகிய கடைக்காரர் 50-லிருந்து 37-ஐக் கழித்துக் கொண்டிருப்பதில்லை. “முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது” என்று மூன்று ஒற்றை ரூபாய்களை வைப்பார். “ஐம்பது” என்று ஒரு பத்து ரூபாயை வைப்பார். மீதி 13 ரூபாய் நம் கையில்! கழித்தல் கணக்கு கூட்டலாக மாறிவிட்டது.

இத்தனை எளிய கணக்கு சிறு குழந்தைக்குக் கடினமாவது ஏன்? மூன்று 1 ரூபாய் நாணயங்களையும் ஒரே ஒரு 5 ரூபாய் நாணயத்தையும் காட்டி, “எது அதிகம்?” என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் மூன்றையே காட்டும். எண்ணிக்கை வேறு, மதிப்பு வேறு என்பது அவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை. அளவும் ஏமாற்றும். 2011-ல் வெளிவந்த வரிசையில் 2 ரூபாயின் விட்டம் 25 மி.மீ.; 5 ரூபாய்க்கோ 23 மி.மீ. தான்! மதிப்பு உலோகத்தில் இல்லை. நாம் செய்துகொண்ட உடன்பாட்டில் இருக்கிறது.

பெரியவர்களும் ஒருமுறை இந்தப் பாடத்தைப் படிக்க நேர்ந்தது. 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்கு 16 அணா. அன்றுமுதல் 100 நயா பைசா. நாலணா 25 பைசாவுக்கும், எட்டணா 50 பைசாவுக்கும் சரியாகப் பொருந்தின. ஆனால் ஓரணாவுக்கு 6¼ பைசா! கால் பைசாவுக்கு நாணயம் ஏது? 25 பைசா 2011-ல் செல்லாததான பிறகும், ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் பேச்சில் ‘நாலணா’ வாழ்கிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். (நாணயத்தை வாயில் போடும் வயதுக் குழந்தைகளுக்கு இது வேண்டாம்.)

முதலில், தாளுக்கு அடியில் நாணயத்தை வைத்துப் பென்சிலால் தேய்க்கச் சொல்லுங்கள். உருவமும் எண்ணும் மனத்தில் பதியும்.

அடுத்து, ஐந்து ஒற்றை ரூபாய் சேர்ந்ததும் ஒரு 5 ரூபாயாக மாற்றச் சொல்லுங்கள். ஒன்றுகள் சேர்ந்து பத்தாகும் இடமதிப்புக்கு இதுவே அடிப்படை.

பிறகு, 1, 2, 5 ரூபாய் நாணயங்களைக் கொண்டு 10 ரூபாயை எத்தனை வகையில் சேர்க்கலாம்? மொத்தம் 10 வகைகள். விடையைச் சொல்லிவிடாதீர்கள், குழந்தையே அடுக்கிப் பார்க்கட்டும்.

இன்று பல கடைகளில் கைப்பேசியைக் காட்டினாலே பணம் போய்விடுகிறது. பணம் கைமாறுவதைக் குழந்தை பார்ப்பதே இல்லை. எனவே, அடுத்தமுறை கொத்தமல்லி வாங்கும்போது 20 ரூபாயைக் குழந்தையின் கையில் கொடுங்கள். மீதியை அதுவே எண்ணி வாங்கட்டும்.